மூலபாடமும் ஐந்து ஒலிபெருக்கிகளும்

இலக்கியம் படித்தவனுக்கு ஒலிப்பெட்டியின் அமைப்புகளோடு என்ன வேலை என்று நண்பர் ஒருவர் என்னைக் கேட்டார். புறநானூற்றுப் பாடல் ஒன்றில் ஓர் ஒற்றெழுத்து இருக்க வேண்டுமா வேண்டாமா என்று தல்லாகுளத்துத் தேநீர்க் கடையில் இரண்டு மணி நேரம் என்னோடு மல்லுக்கு நின்றவர் அவர். அவர் வீட்டுக் கூடத்தில் ஐந்து ஒலிபெருக்கிகளும் ஒரு வூஃபரும் கொண்ட ஹோம் தியேட்டர் இருக்கிறது. கடைப்பையன் வந்து பொருத்திவிட்டு எந்த அமைப்பில் விட்டுப்போனானோ அதே அமைப்பில்தான் அது இன்றுவரை பாடிக்கொண்டிருக்கிறது. ஓர் ஒற்றுக்காக அவ்வளவு கவலைப்படுகிறவர், தன் கூடத்திலேயே நாள்தோறும் பாட்டுகளின் பாடம் திரிக்கப்படுவதைக் குறித்துக் கவலைப்படவில்லை. இக்கட்டுரை அவருக்கும் அவரைப் போன்ற நம் பலருக்கும் எழுதப்படுவது. சில ஆண்டுகளுக்கு முன்புவரை நானும் அந்தக் கூட்டத்தில்தான் இருந்தேன்.

என் கண்ணைத் திறந்தது, சரியாகச் சொன்னால் காதைத் திறந்தது, வகுப்பில் நேர்ந்த ஓர் அவமானம். நாவலும் திரைப்படமும் என்ற பாடத்துக்காக முதுகலை மாணவர்களுக்குத் 'தில்லானா மோகனாம்பாள்' திரையிட்டோம். கொத்தமங்கலம் சுப்பு ஆனந்த விகடனில் எழுதிய தொடர்கதை, ஏ.பி. நாகராசன் 1968இல் படமாக்கினார், இசை கே.வி. மகாதேவன். இவற்றையெல்லாம் முன்னுரையாகச் சொல்லிவிட்டு, ஊர்ப் பெருமையையும் சேர்த்துக்கொண்டேன். திரையில் சிவாஜி கணேசன் வாயில் வைத்திருக்கும் நாகசுரத்தின் உண்மையான மூச்சு, மதுரைச் சகோதரர்களான எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி ஆகியோருடையது. கேளுங்கள் என்று சொல்லி விளக்கை அணைத்தேன்.

கேட்டது என்ன? கிணற்றுக்குள்ளிருந்து யாரோ பேசுவதுபோல் வசனம். நாகசுரம் முதுகுக்குப் பின்னாலிருந்து, ஈரத்துணியில் சுற்றியதுபோல் வந்தது. தவிலின் அடி ஒவ்வொன்றும் இரண்டாகக் கேட்டது. அரை மணி நேரத்தில் பாதி மாணவர்கள் கைபேசிக்குள் போய்விட்டார்கள். படம் முடிந்ததும் முன்வரிசை மாணவர் ஒருவர் எனக்கு ஆறுதல் சொல்லும் தொனியில், "பழைய படம்னா இப்படித்தானே ஐயா இருக்கும்" என்றார். நானும் ஆமாம் என்று தலையசைத்தேன். அந்தத் தலையசைப்புக்காக இன்றும் வெட்கப்படுகிறேன்.

மறுநாள் ஒலியமைப்பில் கொஞ்சம் பழக்கமுள்ள இயற்பியல் துறை நண்பரை அழைத்துவந்து காட்டினேன். பத்து நிமிடத்தில் இரண்டு குற்றங்களைக் கண்டுபிடித்தார். முதலாவது, ஆம்ப்ளிபயர் ஏதோ ஓர் 'அரங்க' முறையில் இருந்தது. பெரிய மண்டபத்தில் கேட்பதுபோல் எதிரொலியைத் தானே தயாரித்துப் பக்கங்களிலும் பின்னாலும் அனுப்பும் முறை அது. இரண்டாவது, நடு ஒலிபெருக்கியின் கம்பி கழன்று கிடந்தது. அந்தக் காலத்துப் படத்தின் ஒலி ஒற்றைத் தடம், அதாவது மோனோ. வட்டில் அது இடத்துக்கும் வலத்துக்கும் ஒரே மாதிரியாகப் பதிவாகியிருந்தது. ஒலியைச் சுற்றிலும் பரப்பித் தரும் இத்தகைய முறைகளில் பல, இரு தடத்திலும் ஒன்றுபோல் வரும் ஒலியை நடு ஒலிபெருக்கிக்கு உரியது என்று முடிவுசெய்து அங்கே அனுப்பிவிடும். அதன்படியே சிவாஜியின் குரலும் சேதுராமன், பொன்னுசாமியின் மூச்சும் நடு ஒலிபெருக்கியை நோக்கிப் புறப்பட்டுக் கழன்ற கம்பியில் நின்றுபோயின. எந்திரம் தானாக இட்டுக்கட்டிய எதிரொலி மட்டும் எங்களை வந்து சேர்ந்தது. மூலம் ஒரு துளியும் இல்லாமல் முழுக்க இடைச்செருகலையே நாற்பது பேர் உட்கார்ந்து கேட்டிருக்கிறோம். பழி மட்டும் பழைய படத்தின் மேல் விழுந்தது.

இதில் எனக்குப் பொறுக்காதது அந்தக் கடைசிச் செய்திதான். அமைப்பைத் தவறாக வைத்தவன் தப்பித்துக்கொள்கிறான், படைத்தவன் தண்டிக்கப்படுகிறான். ஏடெழுதியவன் செய்த பிழையைப் புலவன் தலையில் கட்டுவதைப் போன்றது இது. 'பழைய பாட்டு என்றால் இரைச்சல்', 'பழைய படத்தில் வசனம் புரியாது' என்றெல்லாம் இளைஞர்கள் சொல்லும்போது, அவர்களுடைய ரசனையை நொந்துகொள்கிறோம். அவர்கள் கேட்டது எந்தப் பதிப்பை என்று நாம் விசாரித்ததுண்டா?

எங்கள் பக்கத்துக் கிராமங்களில் ஆடி மாதம் விடிவதே குழாய் ஒலிபெருக்கியில்தான். வேப்பமரக் கிளையில் கட்டிய அந்தக் குழாய் அடித்தொனியையும் அறுக்கும், உச்சத்தொனியையும் அறுக்கும். நடுவில் எஞ்சியதைத்தான் வயல்வெளி முழுக்கப் பரப்பும். ஆயினும் எல்.ஆர். ஈஸ்வரியின் அம்மன் பாட்டு அதில் அழிந்துவிடவில்லை. மதுரையில் பிறந்த டி.எம். சௌந்தரராசனின் குரலும் அழிந்துவிடவில்லை. பின்னர் வந்த ஒலிநாடாக் காலத்தில், பாட்டுப் பட்டியலை ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, அறுபது நிமிட நாடாவில் பதிந்து வாங்கினோம். பிரதியின் பிரதியின் பிரதி அது. ஒவ்வொரு முறையும் இரைச்சல் ஒரு படி ஏறும். அதிலும் பாட்டு பிழைத்தது. காரணம் எளியது. குழாயும் நாடாவும் மூலத்திலிருந்து சிலவற்றைக் குறைத்தன. இரைச்சலைத் தவிர வேறொன்றையும் சேர்க்கவில்லை. இரைச்சலை இரைச்சல் என்று எந்தக் காதும் அறிந்து ஒதுக்கிவிடும்.

சுவடிப் பதிப்பு அறிந்தவர்களுக்கு இந்த வேறுபாடு புதியதன்று. செல்லரித்த ஏட்டை வைத்துக்கொண்டு ஒரு பதிப்பாசிரியன் நேர்மையாக வேலை செய்ய முடியும். உ.வே. சாமிநாதையர் 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்தபோது, சிதைந்த இடங்களைச் சிதைந்த இடங்களாகவே விட்டார். புள்ளியிட்ட அந்த வெற்றிடங்களை இன்றும் காண்கிறோம். அவருக்கு அந்த இடங்களை நிரப்பும் புலமை இல்லையா? யாப்பும் சொல்லும் பொருந்த இரண்டு அடி எழுதிச் சேர்த்திருந்தால் நம்மில் எத்தனை பேர் கண்டுபிடித்திருப்போம்? அவர் செய்யவில்லை. அந்தச் செய்யாமைதான் அவரை நாம் நம்புவதற்குக் காரணம். ஹோம் தியேட்டரின் 'அரங்கம்', 'மைதானம்', 'தேவாலயம்' முதலிய முறைகள் செய்வது இதற்கு நேர் எதிரானது. இல்லாத அடியை எழுதிச் சேர்க்கின்றன; சேர்த்த இடத்தில் புள்ளியும் வைப்பதில்லை.

மதுரைக்காரர்களிடையே வழிவழியாக வழங்கும் ஒரு கதை உண்டு. ஸ்காட் என்ற ஆங்கிலேயர் ஒருவர் தமிழ் கற்று, திருக்குறளில் எதுகை மோனை சரியாக அமையவில்லை என்று கருதி, தாமே 'திருத்தி' அச்சிட்டாராம். அதைக் கண்டு கொதித்த பாண்டித்துரைத் தேவர், பிரதிகளையெல்லாம் விலைகொடுத்து வாங்கி நெருப்பிலிட்டாராம். அவர்தாம் 1901இல் மதுரையில் நான்காம் தமிழ்ச்சங்கத்தை நிறுவியவர். கதையின் நுணுக்கங்கள் எப்படி இருப்பினும், அதை நாம் பெருமையோடு சொல்லி வருகிறோம் என்பது உண்மை. ஸ்காட் துரை கெட்ட எண்ணத்தோடு செய்ததாகக் கதை சொல்லவில்லை. குறளை மேலும் அழகாக்கவே விரும்பினார். இன்று நம் கையிலுள்ள ரிமோட்டுக்குள் ஓராயிரம் ஸ்காட் துரைகள் குடியிருக்கிறார்கள். அவர்களுக்கும் கெட்ட எண்ணம் இல்லை. பாட்டை 'மேலும் அழகாக்க'வே விரும்புகிறார்கள். துரையைப் பழிக்கும் வாயால் இவர்களை வாழ்த்துவது எப்படி என்றுதான் கேட்கிறேன்.

"கூடுதல் ஒலிபெருக்கி இருக்கும்போது ஏன் பயன்படுத்தக் கூடாது? காசு கொடுத்து வாங்கியதல்லவா?" என்பது எதிர்த்தரப்பின் முதல் வாதம். ஐந்து உரை உள்ள நூலுக்கு ஐந்தையும் படிக்கலாம். உரையே எழுதப்படாத நூலுக்கு ஐந்து உரைகளை நாமே கற்பித்துக்கொள்ள வேண்டியதில்லை. டால்பி டிஜிட்டல், டி.டி.எஸ். என்று பல தடங்களில் கலவை செய்யப்பட்ட படத்தில், மழை பின்னால் பெய்ய வேண்டும் என்பதும் வசனம் நடுவிலிருந்து வர வேண்டும் என்பதும் ஒலிக்கலவை செய்த கலைஞனின் முடிவு. அதை ஐந்து ஒலிபெருக்கிகளிலும் கேட்பதே முறை. அங்கே இரண்டாகச் சுருக்குவதுதான் தவறு. 1978இல் வந்த 'பிரியா'விலிருந்து இளையராஜா ஸ்டீரியோவில் இசையமைத்த பாடல்களில் எந்தக் கருவி இடத்தில், எது வலத்தில், எது எதற்கு விடைசொல்கிறது என்பது இசையின் கட்டமைப்பைச் சேர்ந்தது. அதே ஒலியை அறையின் ஐந்து மூலையிலிருந்தும் ஒருசேர எழுப்பினால் அந்த வினாவும் விடையும் ஒன்றில் ஒன்று கரைந்துபோகின்றன. மோனோவில் பிறந்த பாட்டுக்கு ஒன்று போதும். இரண்டில் ஒரே மாதிரி ஒலித்தால் நடுவில் ஒன்றாய்க் கூடிக் கேட்கும், அதுவும் சரி. 1952 தீபாவளிக்குப் 'பராசக்தி'யோடு திறந்த மதுரை தங்கம் திரையரங்கில் இரண்டாயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட இருக்கைகள் இருந்தன. அத்தனை பேரும் கேட்டது ஒற்றைத் தடத்தில் பதிவான ஒலியைத்தான். வசனம் புரியவில்லை என்று எவரும் எழுந்து போனதாக எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொன்னதில்லை.

அப்படியானால் புதுப்பித்தலே கூடாதா என்று கேட்கலாம். கூடும். 1964இல் வந்த 'கர்ணன்' 2012இல் டிஜிட்டல் முறையில் புதுப்பிக்கப்பட்டு வெளியாகிப் புதிய தலைமுறையைத் திரையரங்குக்கு இழுத்தது. அது வெளிப்படையாக அறிவித்துச் செய்த புதுப்பதிப்பு. யார் செய்தார், எப்போது செய்தார் என்பது தெரியும். பரிமேலழகர் தம் உரையை உரை என்று சொல்லித்தான் எழுதினார்; அதை ஏற்கலாம், மறுக்கலாம், மணக்குடவரோடு ஒப்பிடலாம். என் சண்டை உரையாசிரியர்களோடு அல்ல. உரையை மூலத்தோடு கலந்து, கலந்ததைச் சொல்லாமல் தருகிறவர்களோடு. இணையத்தில் 'எட்டு டி' என்றும் 'ஐந்து புள்ளி ஒன்று' என்றும் பெயரிட்டு ஏற்றப்படும் பழைய பாடல்களில் பெரும்பாலானவை இந்த இனம். தனித்தனித் தடங்கள் கையில் இல்லாமலே, கலந்து முடிந்த பாட்டை எடுத்து இடமும் வலமுமாகச் சுழற்றிவிட்டிருக்கிறார்கள். தலை சுற்றுவதைப் பரவசம் என்று கொள்ளும் ரசிகர்களும் இருக்கிறார்கள்.

இரண்டாவது வாதக்காரர்கள் வேறு திசையிலிருந்து வருகிறார்கள். "டிஜிட்டல் என்பதே பொய், இசைத்தட்டு ஒன்றுதான் உண்மை" என்பவர்கள். இவர்களை ஏட்டுச்சுவடியில் படித்தால்தான் சிலம்பு இனிக்கும் என்பவர்களோடு சேர்க்கிறேன். குறுந்தட்டில் ஒரு நொடிக்கு 44,100 முறை, ஒவ்வொரு முறையும் 16 பிட் அளவில், இரு தடங்களுக்கும் ஒலி அளந்து எழுதப்படுகிறது. நம் செவிக்கு எட்டும் அதிர்வெண்களைப் பிடித்துவைக்க இது போதும். அச்சு வந்ததால் இலக்கியம் கெட்டுவிடவில்லை. அச்சுக் கோத்தவனின் கவனமின்மையால்தான் கெட்டது. டிஜிட்டலும் அப்படியே.

ஆகவே அமைப்புப் பட்டியலுக்கு வருவோம். 'அது மெக்கானிக் வேலை' என்று இலக்கியவாதிகள் ஒதுங்கும் இடம் இதுதான். அவர்களுக்குச் சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையை நினைவூட்டுகிறேன். ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம் என்று மேடைக்கு அளவு சொல்லி, தூணின் நிழல் விழாதபடி விளக்கு வைக்கவும் சொல்லி, குழலின் வழியே யாழும், யாழின் வழியே தண்ணுமையும், அதன் பின் முழவும் நிற்க வேண்டும் என்று ஒலியின் வரிசையையும் வகுத்தவர் இளங்கோ. கோல் பிடித்து அளப்பது தச்சன் வேலை என்று அவர் ஒதுங்கவில்லை.

டி.வி.டி. இயக்கியிலும் தொலைக்காட்சியிலும் 'டிஜிட்டல் ஒலி வெளியீடு' என்ற இடத்தில் பெரும்பாலும் இரண்டு சொற்கள் இருக்கும்: பி.சி.எம்., பிட்ஸ்ட்ரீம். சிலவற்றில் இரண்டாவதற்கு 'ரா' என்றோ 'பாஸ்த்ரூ' என்றோ பெயர். எது உயர்ந்தது என்று சண்டையிடுகிறார்கள். இதில் உயர்வு தாழ்வு இல்லை. சுவடிக்கட்டை யார் அவிழ்ப்பது என்பதுதான் கேள்வி. பிட்ஸ்ட்ரீம் என்றால் வட்டிலுள்ள டால்பி, டி.டி.எஸ். கட்டை அவிழ்க்காமல் அப்படியே ஆம்ப்ளிபயருக்கு அனுப்புவது; அவிழ்த்துப் படிப்பது ஆம்ப்ளிபயரின் பொறுப்பு. பி.சி.எம். என்றால் இயக்கியே அவிழ்த்துப் படித்து, எளிய எண்களாக்கி அனுப்புவது. ஆம்ப்ளிபயருக்கு அந்தக் கட்டை அவிழ்க்கத் தெரியாவிட்டால் பிட்ஸ்ட்ரீம் வைத்தும் பயனில்லை. மௌனமோ இரைச்சலோதான் வரும். தெரியுமானால், ஒளியிழை வடமோ கோஆக்சியல் வடமோ வழியாக இணைத்தவர்கள் பல தடப் படங்களுக்குப் பிட்ஸ்ட்ரீமையே வைக்க வேண்டும். ஏனெனில் அந்த வடங்களில் பி.சி.எம். இரண்டு தடம் மட்டுமே செல்லும். ஆறு தடக் கலவை அங்கே இரண்டாகச் சுருங்கிவிடும். எச்.டி.எம்.ஐ. வடத்தில் பல தட பி.சி.எம். செல்லும் என்பதால் அந்த இழப்பு கட்டாயமில்லை. குறுந்தட்டுக்கும் இரு தடப் பாட்டுக்கும் பி.சி.எம். போதும்.

இதனினும் முக்கியமானது, எந்திரத்திடம் உண்மை பேசுவது. நடு ஒலிபெருக்கி இல்லாத வீட்டில் 'உண்டு' என்று குறித்துவைத்தால், நடுத்தடத்து வசனம் போய்ச்சேர இடமின்றி மறைந்துவிடும். 'வசனம் கேட்கவில்லை, சண்டைக்காட்சி காதைக் கிழிக்கிறது' என்ற புலம்பலுக்கு ஒரு பெருங்காரணம் இதுதான். இல்லை என்று குறித்தால், அந்த வசனத்தை எந்திரம் இடத்துக்கும் வலத்துக்கும் பகிர்ந்து தந்துவிடும். சிறிய ஒலிபெருக்கிகளைப் 'பெரியவை' என்று பொய் சொன்னால், அவற்றால் ஒலிக்க முடியாத அடித்தொனியும் அவற்றின் தலையிலேயே விழும். 'சிறியவை' என்று ஒப்புக்கொண்டால் 80 ஹெர்ட்ஸ் போன்ற ஓர் எல்லைக்குக் கீழுள்ளதை வூஃபர் ஏற்றுக்கொள்ளும். இவற்றுக்கு அப்பால், பாட்டுக்கு எல்லா 'அரங்க' முறைகளையும் அணைத்து 'ஸ்டீரியோ' அல்லது 'டைரக்ட்' என்பதில் வைப்பது. 'ராக்', 'பாப்' என்று பெயரிட்ட தொனி மாற்றங்களை நீக்குவது. அவ்வளவுதான்.

'இரவு முறை' பற்றி ஒரு சொல். மெல்லிய ஒலியை உயர்த்தி, பெருத்த ஒலியைத் தாழ்த்தி எல்லாவற்றையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவருவது அது. பக்கத்து வீட்டில் குழந்தை உறங்கும்போது அதைப் பயன்படுத்துவது மனிதப் பண்பு. நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் பல வீடுகளில் அது பகலிலும் அணைக்கப்படுவதில்லை. ஆலாபனையின் முணுமுணுப்பும் தனியாவர்த்தனத்தின் உச்சமும் ஒரே உயரத்தில் நிற்கின்றன. நாகசுரக்காரர் மூச்சை அடக்கியதும் விடுத்ததும் ஒன்றாகிவிடுகிறது. அடக்கத்தைக் கேட்டுப் பழகாத காதுக்கு உரத்த குரல் ஒன்றே குரலாகத் தெரியும். நம் மேடைப்பேச்சுகளைக் கேட்டாலே இது விளங்கும்.

மறுவாரம் அதே மாணவர்களை அதே அறைக்கு அழைத்தேன். சென்ற வாரம் நீங்கள் கேட்டது படம் அன்று, நான் சரிபார்க்காமல் விட்ட ஓர் எந்திரத்தின் எதிரொலி என்று ஒப்புக்கொண்டேன். ஆசிரியனாக அது எளிதாக இருக்கவில்லை. முன்னிரண்டு ஒலிபெருக்கிகளில் மட்டும், எந்த ஒப்பனையும் இன்றி, நாகசுரம் வரும் காட்சிகளை மீண்டும் ஓடவிட்டேன். பழைய பதிவின் இரைச்சல் இருந்தது, ஒளிக்கவில்லை. ஓரிடத்தில் அந்த முன்வரிசை மாணவர் கையுயர்த்தினார். "ஐயா, வாசிக்கிறது ரெண்டு பேரா?" என்று கேட்டார்.

இரண்டு பேர்தாம். திரையில் சிவாஜியும் ஏ.வி.எம். ராஜனும், மூச்சில் சேதுராமனும் பொன்னுசாமியும். சென்ற வாரம் முன்னுரையில் நான் சொன்ன செய்திதான் அது. அன்று அவருக்கு அது தகவலாகவே நின்றது. இன்று காதால் கண்டுகொண்டார். நான்கு பொத்தான்களைச் சரியாக அழுத்தியதற்கு இதைவிடப் பெரிய பயன் வேறு வேண்டுமா என்று தல்லாகுளத்து நண்பரைக் கேட்டேன். யோசித்துச் சொல்கிறேன் என்றார். ஒற்றெழுத்துச் சண்டையை அதன் பிறகு தொடரலாம் என்று நானும் சொல்லியிருக்கிறேன். முதலில் அவர் வீட்டு ரிமோட்டைத் தேட வேண்டும்.